கரகரச் சேவலைப் பார்க்க வர வேண்டாம்

கல்செத்தா,
செவ்வாய்க்கிழமை, சோறு வெந்துகொண்டிருக்கும் நேரம்

பெருமதிப்பிற்குரிய தோன் எவாரிஸ்தோ ஐயா அவர்களுக்கு,

கல்செத்தா பேருந்து நிலையத்தில் வாழையிலைப் பொதிசோறு விற்கும் அவுரிஸ்தெலா, மாதாவின் தயவில் இரண்டு காலில் நின்றபடி எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மழை வந்தால் குத்தும் என்று நீங்கள் நடத்தும் கைபேசிக் கதைக் குழுவில் எழுதியிருந்தீர்கள். நேற்று மழை பிடித்ததும் வெளியே காய்ந்த துணியைக்கூட எடுக்காமல் உங்கள் முழங்காலைத்தான் நினைத்தேன். முகம் தெரியாத பெண்பிள்ளைக்கு நம் முழங்காலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். நீங்கள் புத்தாண்டுக்கு அனுப்பிய நாட்காட்டியின் உறையிலிருந்து உங்கள் முகவரியைப் பார்த்து எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வருகிற சனிக்கிழமை நீங்கள் எல்லோரும் வண்டி பிடித்து எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். இந்த ஆண்டு நன்றாக எழுதியவர் கரகரச் சேவல்தான் என்றும், வழக்கப்படி அவர் வீட்டிலேயே கூடுவோம் என்றும் அறிவித்திருக்கிறீர்கள். சேவல் வீட்டில் இல்லை ஐயா. அவருடைய கைபேசி எண்ணையும் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். ஏன் என்று கீழே வருகிறது. அந்த இடம் வரும்போது என் கை ஒத்துழைக்க வேண்டும்.

கரகரச் சேவல் என்ற பெயரில் உங்களிடம் கதை எழுதியவர் என் வீட்டுக்காரர் பிலெமோன், தண்ணீர் லாரி ஓட்டுநர். உங்கள் குழுவில் யாரும் சொந்தப் பெயரைச் சொல்லிக்கொள்வதில்லையாம், அதனால் உங்கள் ஒருவருக்குத்தான் வீடு தெரியும். ஒன்பது நாள் ஜெபம் முடிந்து, வாடகை நாற்காலிகள் போய், என் மகளும் குவாயாகில் நகரத்துக்கு வண்டி ஏறிய பிறகு வீட்டில் நானும் அவருடைய கைபேசியும்தான் மிச்சம். எதிர்வீட்டு எலோதியா, அவள் என் மகளுக்கு ஞானத்தாய், வந்து உட்கார்ந்துகொண்டு, "அழவும் மாட்டேங்கிற, வாயத் தொறந்து பேசவும் மாட்டேங்கிற, வயித்துல கட்டி வந்துரும்டி உனக்கு. அந்த மனுசனுக்குச் சொல்ல வேண்டியத அவரு போன்லயே எழுதிப் போடு. போய்ச் சேருதோ இல்லையோ, உன் நெஞ்ச விட்டு இறங்கும்ல" என்றாள். திறந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வட்டத்துக்குள் எங்கள் வீட்டு மாமரம், அதில் கட்டிய வலையூஞ்சல், ஊஞ்சலில் அவருடைய தொப்பி. இது அவருடைய இடம் இல்லாமல் வேறு யாருடைய இடம்? மாதம் ஒருவர் வீட்டுப் படத்தைக் குழுவின் முகப்பில் வைப்பீர்கள் என்றும் அந்த மாதம் எங்கள் முறை என்றும் எனக்கு யார் சொன்னார்கள்? நான் எழுதினேன்: "பிலெமோன், தண்ணித் தொட்டிப் பூட்டுச் சாவிய எங்கய்யா வச்ச? எலோதியா வீட்டுல வாளி வாளியா வாங்குறேன், அவ மூஞ்சி நாளுக்கு நாள் நீளுது. ஊருக்கெல்லாம் தண்ணி ஊத்தின மனுசன் பொண்டாட்டிய நாக்கு வறள விட்டுட்டுப் போயிட்டியே, நல்லாருக்கா அங்க?"

கைபேசியைக் கீழே வைக்கவில்லை ஐயா, பதில் வந்துவிட்டது. வெறுங்கால் என்று ஒருவர். "வந்துட்டியா தம்பி! நாங்க எல்லாரும் இங்க உனக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தோம்!" கைபேசி என் கையிலிருந்து நழுவி வேர்க்கடலை விழுதுக்குள் விழுந்தது. எலோதியா சிலுவை போட்டுக்கொண்டாள். "பாத்தியா, போய்ச் சேந்துட்டாரு. வரவேற்க ஆளும் இருக்கு. செருப்பில்லாதவரு, ஏதோ புனிதரா இருக்கும்." கடலையைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் அடுத்தது. உப்புச் சீமாட்டி என்று ஒருத்தி. "சேவலுக்கு என் முத்தம்" என்று ஆரம்பிக்கிறாள்! அந்த மனிதரின் சட்டை இன்னும் கொடியில் தொங்குகிறது, அதற்குள் அங்கே ஒரு சீமாட்டி. "மேல போயும் புத்தி போகலையா இந்த ஆளுக்கு?" என்றாள் எலோதியா. நான் விடுவேனா? "எவடி அவ என் புருசனுக்கு முத்தம் குடுக்குறது? பிலெமோன், இதுக்குத்தான் அவ்வளவு அவசரமாக் கெளம்பினியா?" என்று எழுதிப் போட்டேன். உடனே குழுவே எழுந்து நின்று கைதட்டியது. "ஆகா, பொறாமை!" என்று ஒருவர் விடாமல் முத்தம் கொடுத்தார்கள், மீசை வைத்த படத்துக்காரர்கள் உட்பட. 

சும்மா "நன்று" என்று சொல்லக் கூடாது, கதையில் மனதைத் தொட்ட இடத்துக்கு ஒரு முத்தம், இடித்த இடத்துக்கு ஒரு கிள்ளு, இரண்டும் கொடுத்தே ஆக வேண்டும் என்பது உங்கள் குழுவின் சட்டம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் என்னென்னவோ நடந்துவிட்டது. வெறுங்கால் ஐயா கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று எழுதினார். எலோதியா யோசித்தாள். "சொர்க்கத்துல எதுக்குடி பல்வலி? அப்ப இவங்க இருக்கறது உத்தரிக்கிற எடம், பாவம் தீர்ற வரைக்கும் வேகுற எடம்." இருவரும் சாமியாரிடம் போய்ப் பல்வலியால் வாடும் ஓர் ஆன்மாவுக்காகப் பூசை கேட்டோம். "ஆன்மாவோட பேரு என்னம்மா?" என்றார். "வெறுங்கால், ஃபாதர்" என்றேன். அவர் "வெறுங்கால்" என்றே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு பூசை வைத்தார். அன்றைக்கு வலி குறைந்ததா என்று வெறுங்கால் ஐயாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

உண்மை விளங்கியது உப்புச் சீமாட்டியால்தான். "சேவலே, இத்தனை வருசமா உன் கதையில வர்ற பொம்பளைங்க எல்லாம் சன்னல்ல நின்னு தலை சீவிப் பெருமூச்சுதான் விட்டாங்க. இவதான்யா உசிரோட இருக்கா. எங்க புடிச்ச இவள?" என்று கேட்டிருந்தாள்.  விரலால் மேலே தள்ளித் தள்ளி எல்லாவற்றையும் படித்தேன், அடுப்பில் கோழி கரிந்தது. நீங்கள் மேலுலகத்து ஆட்கள் இல்லை, கதை எழுதுகிறவர்கள் என்றும், என் புலம்பலை அவருடைய புதுக் கதை என்று எண்ணிவிட்டீர்கள் என்றும் அப்போதுதான் புரிந்தது. சீமாட்டி சொன்னது சரிதான், அவர் எழுதிய பெண்கள் ஒருத்தியும் ஒரு பாத்திரம் கழுவவில்லை. ஆனால் ஐயா, லாரி கைவிட்டுப் போன வருடம் வீட்டில் அவர் வாயே திறக்கவில்லை. கேட்டால் "ம்" என்பார். உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். தினம் ஒருவர் முறை வைத்ததுபோல் வந்து, "எழுது தம்பி, மோசமாவாவது எழுது, நாங்க படிக்கிறோம்" என்று சொல்லியிருக்கிறீர்கள். ஒரு காலை அவர் எழுந்து முகம் மழித்துக்கொண்டு வேலை தேடப் போனார். என் கோழிச் சாறுதான் அவரை எழுப்பியது என்று நான் அன்றுவரை பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எழுதவும் ஆரம்பித்தேன். அதற்குள் சீமாட்டியின் கிள்ளு வந்தது: "சாவி தொலைஞ்சது நம்புற மாதிரி இல்ல. இந்த மாதிரி சோம்பேறி ஊஞ்சல விட்டு எந்திரிக்காம கைக்கு எட்டுற எடத்துலதான் எதையும் வைப்பான்." என் புருசனைச் சோம்பேறி என்கிறாளே என்று கோபத்தோடு மாமரத்தடிக்குப் போய் ஊஞ்சலில் படுத்து, அவரைப் போலவே கையைத் தலைக்கு மேல் நீட்டினேன். கயிறு கட்டிய கிளையின் பொந்தில் விரல் பட்டது. சாவி. எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, எங்கள் வாசலையே மிதிக்காத ஒருத்திக்கு என் பிலெமோனின் கை எதுவரை எட்டும் என்று தெரிந்திருக்கிறது. அங்கேயே படுத்து அழுதேன். எலோதியா பயந்த கட்டி அன்றைக்குத்தான் கரைந்தது.

அதற்குப் பிறகும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்ல முடியவில்லை. பேருந்து நிலையத்தில், சந்தையில், கோவிலில், எல்லோரும் அவரைக் "காலஞ்சென்ற" என்று சேர்த்துத்தான் சொல்கிறார்கள். உங்கள் குழுவில் மட்டும் தினமும் யாராவது, "சேவலே, சாப்பிட்டியா? இன்னைக்கு எழுதலையா?" என்று கேட்டார்கள். உலகத்தில் அந்த ஓர் இடத்தில்தான் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதனால் குறட்டையைப் பற்றி எழுதினேன், அவர் உப்பு அதிகம் போட்ட மீன் குழம்பைப் பற்றி எழுதினேன், எங்கள் கல்யாணத்தன்று தண்ணீர் லாரியிலேயே கோவிலுக்குப் போனதை எழுதினேன். நீங்களும் முத்தமும் கிள்ளுமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தீர்கள். இப்போது சனிக்கிழமை வருகிறேன் என்கிறீர்கள். ஊஞ்சலைப் பார்த்து "எங்கம்மா எங்க சேவல்?" என்று வெறுங்கால் ஐயா கேட்டால் நான் எந்தப் பக்கம் பார்ப்பேன்?

ஆகவே எழுதுகிறேன். பிலெமோன் இறந்துவிட்டார்.

எழுதிவிட்டேன். சோறும் வெந்துவிட்டது.

குழுவுக்கு நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், நான் எழுத்துக்காரி இல்லை, இனி தொந்தரவு செய்ய மாட்டேன். உங்கள் முழங்காலுக்குச் சூடான கல்லுப்பு ஒத்தடம் கொடுக்கவும். வெறுங்கால் ஐயா அந்தப் பல்லைப் பிடுங்கிவிடட்டும், பூசைக்கெல்லாம் அது அடங்காது. உப்புச் சீமாட்டியிடம் சாவி கிடைத்தது என்று சொல்லவும். உங்கள் எல்லோர் பேனாவிலும் கைபேசியிலும் மாதாவின் கண் இருக்கட்டும்.

என்றும் நன்றியுள்ள,
அவுரிஸ்தெலா மொரெய்ரா

பின்குறிப்பு: கடிதத்தை எலோதியாவுக்கு வாசித்துக் காட்டினேன். "வர வேண்டாம்னு எழுதிட்டு, முற்றம் முழுக்க எதுக்குடி அத்தனை பேருக்கும் வாழையில வெட்டி வாடப் போட்டிருக்க?" என்கிறாள்.  ஆகையால் வாருங்கள். அவர் எண்ணையும் எடுக்க வேண்டாம். நாற்காலிக்காரனிடம் மறுபடி சொல்லியாயிற்று, தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. ஊஞ்சலில் யாரும் உட்காரக் கூடாது என்று எழுத நினைத்தேன், முழங்கால் வலியோடு நீங்கள் வேறு எங்கே உட்காருவீர்கள்? ஒன்று மட்டும் செய்யுங்கள். வருகிற வழியில் வண்டியிலேயே இந்தக் கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துவிடுங்கள், என்னால் வாயால் சொல்ல முடியாது. முத்தம் வேண்டாம். உப்புச் சீமாட்டியைக் கிள்ளு மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். "பிலெமோன் இறந்துவிட்டார்" என்று எழுதியிருக்கும் இடம் எனக்கே சரியாகப் படவில்லை. அவரைப் போலவே இல்லை அது. அதை எப்படித் திருத்தி எழுதுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரட்டும்.