சர்க்கரையைக் கருக்கிப் பெண் பார்த்தவர்

ஓசூரில் எங்கள் அறைக்குள் வந்து கருகாமல் தப்பிய பொருள் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் கரண்டி அண்ணன் புண்ணியம்.

பெயர் என்னவோ வேறுதான். முலாம் பூசும் பிளேட்டிங் கம்பெனியில் லேப் வேலை. எது கையில் கிடைத்தாலும், "இது தனிமமா, சேர்மமா?" என்பார். பதில் சொன்னாலும் நம்ப மாட்டார். கரண்டியில் போட்டு அடுப்பில் காட்டினால்தான் அவருக்கு மனசு ஆறும்.

"செம்புக் கம்பி கருத்துப்போச்சேண்ணே, அப்ப சேர்மம்தானே?"

"அது காத்துல இருக்கிறதை இழுத்துக்கிச்சுடா. அதுலேர்ந்து எதுவும் பிரியலையே! தனிமம்."

உப்பைக் காய்ச்சினார். அது அசையவே இல்லை. "இதுவும் தனிமம்" என்றேன் நான், படித்தவன் மாதிரி.

"நம்ம அடுப்புக்கு மசியலைன்னா தனிமம் ஆயிடுமா? உருக்கி, கரன்ட் விடணும்டா" என்று பிளக்கைத் தேடினார். நான்கு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டோம்.

இப்படிப்பட்டவருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? ஒரு வீட்டில் மாமனார் ஆகவேண்டியவரின் மோதிரத்தைக் கேட்டிருக்கிறார், அடுப்பில் காட்ட! பார்த்த இடமெல்லாம் தட்டிப்போனது. அவர் அம்மா தருமபுரியிலிருந்து எனக்குப் போன் போட்டு அழுதார்: "இந்தத் தடவையாச்சும் அவன் வாயைக் கட்டு சாமி. இதுவும் போச்சுன்னா நான் தாங்க மாட்டேன்."

இந்தத் தடவை பெண் வீடு, உத்தனப்பள்ளியில் தக்காளி போடும் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். பெண் காபி கொண்டுவந்தாள். அண்ணன் ஒரு வாய் குடித்தார்.

"இதுல போட்ட சர்க்கரை தனிமமாங்க, சேர்மமாங்க?"

போச்சு! பெண்ணின் அப்பா தன் மனைவியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். எனக்குத் தெலுங்கு தெரியாது, முகம் தெரிந்தது. பெண் விருட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். நான் கண்ணாலேயே செருப்பைத் தேட ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் கருகிய வாசனை. பெண் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் தட்டுமாக வந்து நின்றாள்.

"அடியில கரி நிக்குதுங்க. மேல தட்டைப் பிடிச்சேன், தண்ணி முத்து முத்தா ஒட்டுது. ஒண்ணா இருந்தது பிரிஞ்சிருச்சு. அப்ப சேர்மம்தானுங்களே?"

அண்ணனுக்கு வாயே திறக்கவில்லை. அதுவரை அவர் கேள்விக்காக யாரும் அடுப்பைப் பற்றவைத்ததில்லை. வாயைக் கட்டச் சொல்லி அவர் அம்மா கேட்டது அப்படி நடந்தது.

அந்தப் பெண்ணோடேயே கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போய்விட்டார். அறையில் இப்போது புதுக் கரண்டிகள், பளபளவென்று தொங்குகின்றன. எனக்கென்னவோ பார்க்கவே பிடிக்கவில்லை. நேற்று காபி போடும்போது, சும்மாதான், கொஞ்சம் சர்க்கரையைக் கரண்டியில் எடுத்து அடுப்பில் காட்டினேன்.

கருகிய வாசனை வெளியே போனதுதான் தாமதம், பக்கத்து அறையிலிருந்து எல்லோரும் ஓடிவந்து வாசலில் எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணன் வந்துட்டாரா?"