டுடுக் லைன்

அரசாங்கம் எடுக்கும் பெரிய முடிவுகள் எல்லாம் மலேசிய நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயாவிலிருந்து கிளம்பி, எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி வழியாக அம்மாவின் காதுக்கு வந்து சேரும்போது ஒரே வரியாகச் சுருங்கிவிடும். இனிமேல் பொருள்களை நம் நாட்டிலேயே செய்யவேண்டும், தொழிற்சாலைகள் பெருகவேண்டும், அதில் நல்ல வேலைகள் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கவேண்டும் என்று ஓர் அமைச்சர் நெடுநேரம் பேசினார். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மந்திரி உன்னத்தான் கூப்பிடுறாரு. போய்ட்டு வா."

நானும் அப்படியே நினைத்ததுதான் கோளாறு.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. போலிடெக்னிக்கில் மின்னணுவியல் டிப்ளோமா முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் படிவம் மூன்றை, அதாவது ஒன்பதாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். (அதை யாரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் நானே ஏற்றிருந்தேன். வீட்டில் மின்விசிறி நின்றுபோனால், "கெப்பாசிட்டர் போயிருக்கும்" என்று படுத்தபடியே சொல்வேன். எழுந்து போய்ப் பார்ப்பது அப்பாவின் வேலை.)

அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். அம்மாவுக்கு செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பெட்டி கட்டும் பிரிவு. வேலை முடிந்து மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் தரையில் படுத்து, இரண்டு கால்களையும் தூக்கிச் சுவரில் சாய்த்து வைப்பார். "லைன்ல நின்னு நின்னு, இது என் காலுதானான்னே தெரியல" என்பார். அதனால் என் வேலையைப் பற்றி அவருக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது.

"சம்பளத்த பத்தி நீ பாத்துக்க. ஆனா உக்காந்து செய்யிற வேலையா கேளு லா. எனக்கு அது போதும்."

இங்கே 'லைன்' பற்றிச் சொல்லியாகவேண்டும். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. அம்மா சொன்னால் தொழிற்சாலையில் பொருள் நகர்ந்து வரும் வரிசை. அப்பா சொன்னால் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள். ஒரே கூரையின் கீழ் பத்துக் குடும்பங்கள். நான் பிறந்ததும் இருபது வயதுவரை வளர்ந்ததும் அந்த லைனில்தான். பிறகு தோட்டத்தில் பாதியை விற்று லைனையும் இடித்தார்கள். நாங்கள் பக்கத்துத் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பேட்டைக்குக் குடிபெயர்ந்தோம். இரண்டு லைனையும் நாங்கள் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை. ஒன்றில் நிற்பார்கள், மற்றதில் குடியிருப்பார்கள். அவ்வளவுதானே.

செண்டாயானில் புதிதாக வந்த ஒரு மின்னணுத் தொழிற்சாலை உள்ளூர் ஆட்களுக்கு நேர்முகத் தேர்வு வைத்தது. டெக்னீஷியன் வேலை. நாற்காலி, மேசை, கணினி. நான் அந்த அமைச்சரின் பேச்சைக் கைப்பேசியில் திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடம் செய்தேன். வேலை கிடைத்துவிடும் என்று தாமானில் பாதிப் பேரிடம் நானே சொல்லியிருந்தேன். மீதிப் பேரிடம் அம்மா சொல்லியிருந்தார். இனிமேல் கிடைக்காமல் வீடு திரும்ப வழியில்லை.

அப்பா லாரியிலேயே கொண்டுபோய் இறக்கினார். ("வாசல்ல வேணாம்பா, தள்ளி நிறுத்துங்க" என்றேன். அவர் வாசலை மறித்து நிறுத்தி, ஹாரனும் அடித்தார்.)

உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். ஆள் எடுக்கும் பிரிவைச் சேர்ந்த மலாய்க்கார அம்மாள் ஒருவர். எல்லோரும் அவரை மலாய் மரியாதைப்படி புவான், அதாவது அம்மையார் என்றார்கள். பக்கத்தில் உற்பத்தியைப் பார்க்கும் சீன மேனேஜர். பேச்செல்லாம் மலாயில்தான். வீட்டில் திருப்பிச் சொன்ன மாதிரியே இங்கேயும் தமிழில் சொல்கிறேன்.

"உங்களப் பத்தி சொல்லுங்க" என்றார் புவான்.

"நம் நாடு இன்று ஒரு முக்கியமான கட்டத்தில் நிற்கிறது" என்று தொடங்கினேன்.

நான் முதலீடு, திறன், உள்நாட்டு மதிப்பு என்று போய், எதிர்காலத் தலைமுறையைத் தொடும்போது மேனேஜர் கையைத் தூக்கினார். "பொண்ணு, நீங்க வேலைக்கு வந்தீங்களா, ஓட்டு கேக்க வந்தீங்களா?"

அமைச்சர் என்னை அம்போ என்று விட்டுவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு என் மண்டையில் ஒன்றும் இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் மேனேஜர் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"டுடுக் லைன் எவ்வளவு நாள்?"

மலாயில் உட்காருவதும் டுடுக்தான், குடியிருப்பதும் டுடுக்தான். ஓர் இடத்தில் வேலையில் இருப்பதையும் பேச்சுவழக்கில் டுடுக் என்பார்கள். அந்த மூன்றாவது பொருள் எனக்கு அப்போது தோன்றவில்லை. தொழிற்சாலை லைனில் யாரும் உட்காரமுடியாது என்பதற்கு எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்த கால்களே சாட்சி. ஆகவே அவர் கேட்டது தோட்டத்து லைனைத்தான் என்று முடிவு செய்தேன். ஆளின் பூர்வீகத்தைக் கூட விசாரிக்கிறாரே, நல்ல மனிதர் என்று நெகிழ்ந்தும் போனேன்.

"இருபது வருஷம் சார்."

மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார். "எந்த வயசுல சேர்ந்தீங்க?"

"பொறந்ததே லைன்லதான் சார். அம்மாவுக்கு வலி வந்தப்ப வண்டி கெடைக்கல."

"கம்பெனி வண்டி அனுப்பலையா?"

"லாரி அனுப்பினாங்க. அது வர்றதுக்குள்ள நான் வந்துட்டேன்."

புவான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இதற்கு முன் யாரிடமும் அவர் அவ்வளவு அக்கறை காட்டியிருக்கமாட்டார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

"அந்த லைன்ல எத்தன பேரு?"

"பத்துக் குடும்பம் சார்."

"குடும்பமா?"

"ஆமா. ஆடு, கோழியெல்லாம் பின்னால தனியா."

"கோழி." அவர் அந்தச் சொல்லை மெதுவாகச் சொன்னார். தலைக்குக்கூட உறை போட்டுக்கொண்டுதான் அவருடைய லைன் பக்கமே போகமுடியும் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். "சுத்தம் யாரு பாப்பாங்க?"

"மண்டோர் வந்து பாப்பாரு சார். சாக்கடை அடைச்சிருந்தா சத்தம் போடுவாரு." (மண்டோர் என்றால் தோட்டத்துக் கங்காணி.)

"லைன் நின்னுபோச்சுன்னா என்ன செய்வீங்க?"

"நிக்கல சார். இடிச்சிட்டாங்க."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏன் இடிச்சாங்க?"

"நெலத்த வித்துட்டாங்க. பேக்டரி வருதுன்னு சொன்னாங்க சார்."

புவானுக்குத்தான் முதலில் விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு, "தங்கச்சி, நீங்க வீட்டயா சொல்றீங்க?" என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். ஆட்டும்போதே எனக்கும் விளங்கிவிட்டது. தலை மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. புவான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வாசலில் காத்திருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். டிப்ளோமா முடித்த என் காதுகள் இரண்டும் சூடாகிவிட்டன.

மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. "மன்னிக்கணும். டெக்னீஷியன் வேலைக்கு லைன் அனுபவம் வேணும். எங்க லைன்" என்று என் விண்ணப்பக் கோப்பை மூடினார்.

எழுந்துவிடவேண்டிய நேரம் அதுதான். நான் எழவில்லை. வெளியே லாரியில் அப்பா இருந்தார். வீட்டில் அம்மா. அதற்கப்பால் பாதித் தாமான்.

"அப்போ என்னை லைன்லயே போடுங்க சார்."

"அது ஆபரேட்டர் வேலை. நாள் பூரா நிக்கணும். நீங்க டிப்ளோமா."

"ஒரு லைன்ல இருபது வருஷம் இருந்திருக்கேன். இன்னொன்னையும் பழகிக்குவேன்."

அவர் புவானைப் பார்த்தார். புவான், "இந்தப் பொண்ணு கெளம்பற மாதிரி தெரியல" என்றார். மேனேஜர் கோப்பைத் திரும்பத் திறந்தார்.

லாரியில் ஏறியதும் அப்பா கேட்டார்: "கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சு. நின்னு செய்யிற வேலை."

அப்பா கியரை மாற்றிக்கொண்டே சொன்னார்: "அத நீயே அம்மாகிட்ட சொல்லு. என்ன இழுக்காத."

சொன்னேன். கேள்வி, பதில், கோழி எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா சிரிப்பை அடக்கமுடியாமல் பின்கட்டுக்குப் போய்விட்டார். அம்மா கால்கள் சுவரில் இருந்தபடியே முழுவதையும் கேட்டார்.

"எந்த பேக்டரியில லைன்ல உக்கார விடுறாங்க? அந்த ஆளு கேட்ட கேள்வியே தப்பு. நீ சரியாத்தான் சொல்லியிருக்க." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஆனா நிக்கிற வேலைய வாங்கிட்டு வந்துட்டியே."

நின்றேன். முதல் வாரம் நானும் வந்து சுவரில் கால்களைச் சாய்த்தேன். ஒரே சுவரில் இரண்டு ஜோடிக் கால்கள். (அப்பா படம் எடுத்து உறவினர்கள் எல்லோருக்கும் அனுப்பினார்.) லைனில் எங்கே மின்சுற்றுப் பலகை தேங்குகிறது, எந்த இயந்திரம் எப்போது அடம்பிடிக்கும் என்று கற்றுக்கொண்டேன். இப்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்ப்பது நான்தான். இரண்டாம் ஆண்டு அந்த லைனுக்கே என்னைத் தலைவியாகப் போட்டார்கள்.

தலைவியானதும் நான் மேனேஜரிடம் கேட்ட முதல் பொருள் உயரமான நாற்காலி. பலகையில் பற்றவைப்பு சரியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பவர்களுக்குக் கால் எதற்கு என்று கேட்டேன். இடம் போதாது என்றார். மறுபடி கேட்டேன். பாதுகாப்புப் பிரிவு ஒத்துக்கொள்ளாது என்றார். பாதுகாப்புப் பிரிவைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்க் கேட்டேன். இரண்டு நாற்காலி போட்டுப் பார்க்கச் சொன்னார். உட்கார்ந்து பார்த்தவர்கள் கோளாறுள்ள பலகைகளை முன்பைவிட அதிகமாகப் பிடித்தார்கள். பிறகு வரிசை முழுவதும் நாற்காலி வந்தது.

அன்றைக்கு மேனேஜர் வந்து நின்று பார்த்துவிட்டு, "ஒங்க பழைய லைன்லயும் இப்படித்தான் எல்லாரும் டுடுக்கா?" என்றார்.

"ஆமா சார். கோழிய மட்டும் விட்டுட்டு வந்துட்டேன்."

அப்போதுதான் அவர் சிரித்தார். அதிலிருந்து தொழிற்சாலையில் எங்கள் லைனுக்குப் பெயர் 'டுடுக் லைன்'. புதிதாக வருபவர்கள் அதை ஏதோ தொழில்நுட்பப் பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை.

அம்மா செனாவாங்கில் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார். நாற்காலி கேட்கச் சொல்லி அவரை நான் விடாமல் நச்சரிக்கிறேன். போன மாதம் கேட்டுவிட்டார், பார்க்கலாம் என்றார்களாம். அந்தப் பதில் எனக்குப் பழக்கமானது. மறுபடி கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

தீபாவளிக்கு வருபவர்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "ஒங்க மக என்ன செய்யிறா?" என்று கேட்பார்கள்.

"லைன்ல உக்காந்திருக்கா" என்பார் அம்மா.

"லைனதான் இடிச்சிட்டாங்களே. எவ்வளவு நாளா உக்காந்திருக்கா?"

பின்கட்டிலிருந்து அப்பாவின் குரல் வரும்: "பொறந்ததுலேருந்து."