பின்னால் வந்த வண்டி

“அப்பா, நீங்க கார் ஓட்டுறவங்க கண்ணுக்குத் தெரியவே மாட்டீங்களா?”

தகப்பன் சந்திரபோஸின் முழங்கையில் மருந்து பூசிக்கொண்டே நிஷாந்தினி ஒருமுறை இப்படிக் கேட்டாள். பதுளை பஸ் நிலையத்தருகே காரின் கதவைப் படாரென்று திறந்து அவரை மோட்டார் சைக்கிளோடு கீழே தள்ளிய கனவானும் அதையேதான் சொன்னார்: “ஐயோ, நான் உங்களக் காணவே இல்லையே!”

மனைவி சுதர்ஷினி கறாராகச் சொல்லிவிட்டாள்.

“இன்னொரு தடவ காயத்தோட வாங்க. அன்னைக்கே பைக்க வித்துருவேன்.”

“பைக் இல்லாம நான் எப்புடி வேலைக்குப் போறது? நம்ம தோட்டத்துக்குப் பஸ் வந்து, அது பதுளைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள முதலாளி வேற ஆளச் சேர்த்திருவாரு.”

“வேல போனா வேற வேல தேடலாம். நீங்க போனா எங்க தேடுறது?”

ஆக, கார்க்காரர்களின் கண்ணுக்குத் தெரிந்தே ஆகவேண்டும். சந்திரபோஸ் ஒளி தெறிக்கும் மஞ்சள் சட்டை ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டார்.

பசறை வீதியில் மண் சரிந்து பாதிச் சாலை அடைபட்டிருந்த வளைவில், எதிரே வந்த லொறி அவரைக் கண்டதும் நின்றது.

“போகலாமா?” என்று கையசைத்தார் லொறிக்காரர்.

யாரோ நலம் விசாரிக்கிறார் என்று நினைத்து சந்திரபோஸ் புன்னகையோடு தலையாட்டினார். லொறி புறப்பட்டது. அவருக்குப் பின்னாலிருந்து பஸ்ஸும் புறப்பட்டது. இரண்டும் வளைவில் மூக்கோடு மூக்கு முட்டாத குறையாக நின்றன.

“யோவ், சம்பளம் வாங்கிக்கிட்டுத் தூங்குறியா?” என்று லொறிக்காரர் கத்தினார்.

“நான் ரோட்டு வேல ஆள் இல்லீங்க. ஹாட்வெயார் கடைங்க!”

“அப்ப எதுக்குய்யா தலைய ஆட்டுன?”

மஞ்சள் சட்டை பெட்டிக்குள் போனது. பார்க்காதவர்களைக் கேட்கவாவது வைக்கலாம் என்று லொறிக்குப் பூட்டும் ஹோர்ன் ஒன்றைப் பூட்டினார். முதல் வளைவில் அழுத்தினார். அவ்வளவுதான். மேலேயிருந்த தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு ஒரு கூட்டம் படிகளில் விழுந்தடித்து ஓடிவந்தது. முன்னால் வந்த அம்மாள் முட்டைக்கோவா மூட்டையை அவருடைய பின் சீட்டில் தொப்பென்று வைத்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

“பஸ் எங்க?”

“நான்தாங்க ஹோர்ன் அடிச்சேன்.”

“காலையில இருந்து காத்துக் கெடக்கோம். ஒனக்கு வெளையாட்டா இருக்கா?”

மூட்டையை அம்மாள் இறக்கவில்லை. சந்திரபோஸ் அதைப் பசறைச் சந்தையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அன்று கடைக்குத் தாமதம்.

கதையைக் கேட்டு முதலாளி றில்வான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு மனம் இரங்கினார்.

“மஞ்சளும் வேணாம், சத்தமும் வேணாம். வெள்ளச் சட்ட போடுங்க. பகல்லயும் லைட்ட எரிய விடுங்க. பின்னால ஒரு கம்பு கட்டி வெள்ளத் துணிய பறக்க விடுங்க. மெதுவாப் போங்க. ஒரு மைல் தூரத்துல இருந்தே தெரியும்.”

கம்பையும் துணியையும் அவரே கொடுத்தார்.

மறுநாள் பிற்பகல் சந்திரபோஸ் அப்படியே வீடு திரும்பினார். நடந்ததை அவரால் நம்பவே முடியவில்லை. தேநீர்க் கடையில் வானொலியை நிறுத்தினார்கள். கொழுந்து மூட்டையை இறக்கிவைத்துவிட்டு ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஓட்டோக்கள் ஓரங்கட்டி நின்றன. ஒரு பெரியவர் எழுந்து நின்று கும்பிடக்கூடச் செய்தார்.

‘முருகா, மனுசர் இவ்வளவு நல்லவங்களா!’ என்று நெகிழ்ந்து, சந்திரபோஸும் பதிலுக்குத் தலைவணங்கினார்.

பசறை தாண்டியதும் கண்ணாடியில் ஒரு வெள்ளைக் கார் தெரிந்தது. முதுகை உரசும் நெருக்கம். ஓட்டியவர் மடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சந்திரபோஸ் கதிர்காமத்தானை நினைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். காரும் ஓரமாக வந்தது.

அடுத்த வளைவில் மீண்டும் பார்த்தார். வெள்ளைக் கார் இல்லை. அந்த இடத்தில் நீளமான கறுப்பு வண்டி ஒன்று, விளக்குகள் எரிய, மரியாதையான இடைவெளி விட்டு வந்துகொண்டிருந்தது. அதன் பின்னே ஒரு வேன். அதன் பின்னேயும் வண்டிகள். ஒன்றுகூட முந்தவில்லை.

‘துணின்னா துணி!’ என்று சந்திரபோஸ் முதலாளியை வாழ்த்தினார்.

தன் தோட்டத்துக்குத் திரும்பினார். கறுப்பு வண்டியும் திரும்பியது. அவர் வேகம் கூட்டினால் அதுவும் கூட்டியது, குறைத்தால் குறைத்தது. ஒரு கொண்டை வளைவில் அதன் பக்கவாட்டைக் கண்டார். கண்ணாடிக்குள் பெட்டி. பெட்டிமேல் மலர்வளையம்.

சந்திரபோஸ் தன்னையே குனிந்து பார்த்தார். வெள்ளைச் சட்டை, பகலில் விளக்கு, வெள்ளைக் கொடி! சவ ஊர்வலத்துக்கு வழிகாட்டி என்றல்லவா தன்னை நினைத்துவிட்டார்கள்! நிறுத்தி விஷயத்தைச் சொல்லலாம் என்றால், சொன்ன பிறகு அவ்வளவு வண்டிகளையும் அந்த ஒற்றைப் பாதையில் எங்கே திருப்புவது? திருப்ப இடமிருந்தது ஒரே இடத்தில்தான்: அவருடைய லயத்து வாசலில்.

அதற்குள் மேட்டிலிருந்து பார்த்த யாரோ கூவிவிட்டார்கள்: “சுதர்ஷினி! வெள்ளக்கொடியோட பொண வண்டி நம்ம லயத்துக்குத்தான் வருது!”

அவர் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டின் வாரைக் கழற்றுவதற்குள், சுதர்ஷினி தலைவிரி கோலமாக ஓடிவந்து கறுப்பு வண்டியில் விழுந்தாள்.

“அப்பவே விக்கச் சொன்னேனே! கேட்டாரா பாவி மனுசன்!”

சந்திரபோஸ் அவள் தோளைத் தொட்டார்.

“தொடாதீங்க! என் புருசன் போயிட்டாரு!”

“சுதா, நான்தான்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். முன்னைவிடப் பெரிதாக அலறினாள். அவரை இரண்டு முறை அடித்துப் பார்த்து, உயிரோடு இருக்கிறார் என்று உறுதிசெய்துகொண்ட பிறகு, நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள்.

கறுப்பு வண்டியின் முன் சீட்டிலிருந்து ஓர் அம்மாள் இறங்கினார். இறந்தவரின் மனைவி அவர்தான் என்பது கண்களிலேயே தெரிந்தது. கணவனை இழந்த அந்த அம்மாள், கணவன் கிடைத்துவிட்ட சுதர்ஷினியின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

“அழாத தாயி. ஒன் ஆளு நல்லா இருக்காரு.”

சந்திரபோஸ் நிலம் பார்த்துக் கைகூப்பினார்.

“மன்னிச்சிருங்கம்மா. என் கொடியப் பாத்து வழி தவறி வந்துட்டீங்க. இந்தப் பாவத்த நான் எங்க கொண்டுபோய்க் கழுவுறது?”

அம்மாள் குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டார். சுதர்ஷினி எழுந்து ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். வண்டிகள் ஒதுங்கிய இடைவெளியில் அந்த வெள்ளைக் கார் நுழைந்து, துரை பங்களா விடுதிக்குப் போகும் பாதையில் மேலே ஏறிப் போனது. ஓட்டியவர் இன்னும் மடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொன்றாக வண்டிகள் திரும்பின. கடைசியாகக் கறுப்பு வண்டி. சந்திரபோஸ் அதன் ஜன்னலோரம் ஓடிப்போய், “நானே முன்னால வந்து சரியான வழியக் காட்டுறேங்க. எந்த ஊருக்குப் போகணும்?” என்றார்.

சாரதி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவருக்கு மட்டும் கேட்கும்படி மெல்லச் சொன்னார்:

“மடுல்சீமைக்கு எங்களுக்கு வழி தெரியுங்க. அந்தக் கார்க்காரன் மடியில இருந்த போனப் பாத்துக்கிட்டே உங்கள இடிக்கப் பாத்தான். ‘நம்ம வண்டிய நடுவுல விடு, பைக்குல போற அந்தப் புள்ள பத்திரமா வீடு போய்ச் சேரட்டும், நம்ம ஆளுக்கு இனிமே என்ன அவசரம்’னு அந்தம்மாதான் சொன்னாங்க.”