இரண்டு ஹெட்டும் இரண்டு பொட்டலமும்

சாப்பாட்டு மேசை மேல் கார் எஞ்சினின் இரண்டு சிலிண்டர் ஹெட்டுகள் கிடந்தன. சாப்பாடு தரையில் நடந்தது. மூன்று வாரமாக வீட்டு நிலவரம் இதுதான்.

சத்தியசீலனின் கண் இட்லியில் இல்லை, மேசை மேல் இருந்தது. இடப்பக்கம் கிடந்தது டட்சன் காரோடு பிறந்த ஹெட். வலப்பக்கம் கிடந்தது சுங்கைப் பட்டாணியில் கார் உடைக்கும் கடையிலிருந்து அவர் தூக்கி வந்தது. இரண்டையும் மாற்றி மாற்றித் தடவியதில் விரல் கறுத்தது. விரல் பட்ட சட்னியும் கறுத்தது.

கார் மாமனாருடையது. மகள் நவமணிக்கென்று விட்டுப் போனார். சிங்கப்பூரில் இருபது வருடம் பஸ் ஏறி அலுத்து, மலேசியாவில் சொந்த ஊரான சுங்கை லாலாங்குக்குத் திரும்பிய சத்தியசீலன், வாசலில் தூசி படிந்து நின்ற அதைப் பார்த்தார். இதற்கு வேகம் கூட்டும் டர்போ போடாவிட்டால் இந்த ஜென்மமே வீண் என்று பட்டது. அடுத்த மாதம் அலோர்ஸ்டாரில் பழைய கார்க்காரர்கள் கூடுகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் 'டர்போ உறுதி' என்று போட்டுவிட்டார். நாற்பத்தேழு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். அந்த நாற்பத்தேழு விரல்களும் கனவில் வந்து அவர் கழுத்தைப் பிடித்தன.

பட்டறை காளிதாசன் வந்து மேசையைச் சுற்றினான்.

"அண்ணே, பழைய ஹெட்டுல குழி சின்னது. டர்போ காத்தைத் திணிச்சா ஹெட்டுக்கு அடியில கேஸ்கட் பிச்சிக்கும்லா. பெரிய குழி ஹெட்டுன்னாத்தான் தாங்கும். டர்போ வேணாம்னா பழசே போதும். ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்கண்ணே."

அடுப்படியிலிருந்து நவமணியின் குரல் வந்தது. "பழசைப் போட்டா எப்ப தம்பி முடியும்?"

"வர்ற சனிக்கிழமை, அக்கா."

"டர்போ போட்டா?"

காளிதாசன் கூரையைப் பார்த்தான். செருப்பை மாட்டினான். போய்விட்டான்.

நவமணிக்குக் குருணில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தினமும் புருஷனின் மோட்டார்சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து மழையில் நனைந்து போவாள். லைசென்ஸ் எடுத்து ஆறு மாதம் ஆகிறது. அதைப் பிளாஸ்டிக் உறை கிழியாமல் வைத்திருந்தாள்.

"எங்கப்பா காடி. நான் ஓட்டிட்டு வேலைக்குப் போகணும். பழைய ஹெட்டு போதும்."

"டர்போ போட்டா குருணுக்குப் பத்தே நிமிஷம்லா, மணி!"

"போட்டா என்னை ஓட்ட விடுவீங்களா?"

"அது வந்து... உன் கைக்கு அடங்காது."

"உங்க கைக்கு அடங்குமா? மிக்சி மூடியே அடங்கல. மூணு செவத்துலயும் தேங்காச் சட்னி."

சத்தியசீலன் ஒரு முடிவுக்கு வந்தார்.

"நீயும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். மாரியம்மாகிட்ட பூ கேட்டுருவோம். ரெண்டு பொட்டலம், ஒண்ணுல சிவப்புப் பூ, ஒண்ணுல வெள்ளை. பூசாரி ஒண்ணைப் பிரிப்பாரு. சிவப்பு வந்தா டர்போ, வெள்ளை வந்தா பழசு. அம்மா சொல்லிட்டா அதுக்கு மேல பேச்சே கிடையாது."

நவமணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி."

சண்டையில்லாமல் அவள் சரி சொன்னது கல்யாண வாழ்க்கையில் இது இரண்டாவது தடவை. முதல் தடவை கல்யாணத்துக்கே சொன்னது.

"பொட்டலத்தை நானே மடிக்கிறேன். சுத்தபத்தமா."

"மடிங்க."

இதற்கும் சரியா!

வெள்ளிக்கிழமை காலை குளித்து முழுகி வாசல் தோட்டத்துக்குப் போனார். செம்பருத்தியில் ஒரு பூ பறித்தார். இப்படி அப்படிப் பார்த்தார். இன்னொரு செம்பருத்தியும் பறித்தார். இரண்டையும் வாழையிலைத் துண்டில் தனித்தனியாக மடித்து நூல் சுற்றினார். "அம்மா, கேஸ்கட் விஷயம். உனக்குத் தெரியாததா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்குப் பொட்டலங்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அம்மன் கண் நேராகத் தன் சட்டைப் பையையே பார்ப்பதாகப் பட்டது. பூசாரி பொட்டலங்களை வாங்கி அம்மன் காலடியில் வைத்துச் சூடம் காட்டினார்.

"நல்லா வேண்டிக்குங்க."

நவமணி கைகூப்பினாள். கோயிலே கேட்கிற குரலில் வேண்டினாள்.

"தாயே! சிவப்பு வந்தா பழைய ஹெட்டு. வெள்ளை வந்தா டர்போ. நீயே ஒரு வழி சொல்லு!"

சத்தியசீலன் அவள் பக்கம் சாய்ந்தார். "ஏய்... மாத்திச் சொல்றியே!"

"என்னத்தை மாத்திச் சொன்னேன்?"

"சிவப்புதானே டர்போ?"

"எதுவா இருந்தா என்னங்க? ஒண்ணு சிவப்பு, ஒண்ணு வெள்ளைதானே மடிச்சிருக்கீங்க?"

பூசாரி அவரைப் பார்த்தார். விளக்கு போட வந்த இரண்டு பெண்கள் பார்த்தார்கள். அம்மனும் பார்த்தாள்.

"ஆ... ஆமா."

"அப்ப அம்மாவுக்கு எல்லாம் ஒண்ணுதானே? எடுங்க, சாமி."

பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்து நூலை அவிழ்த்தார். அவருக்குப் பொழுது நிறைய இருந்தது. இலை விரிந்தது.

"சிவப்பு! நல்ல வாக்கும்மா. மத்ததையும் பிரிச்சுக் காட்டிடவா?"

பூசாரியின் கை இரண்டாவது பொட்டலத்தை நோக்கிப் போனது. சத்தியசீலன் பாய்ந்து அதைப் பொத்திக்கொண்டார்.

"வேணாம் சாமி! அம்மா சொல்லிட்டா, சொல்லிட்டாதான்! சந்தேகப்படக் கூடாது!"

"கேட்டுக்குங்க, சாமி. அவரே சொல்லிட்டாரு," என்றாள் நவமணி.

வெளியே வந்ததும் காளிதாசனைக் கூப்பிட்டாள். "தம்பி, பழைய ஹெட்டு. ஆமா, அண்ணன்தான் கோயில்ல வச்சு அடிச்சுச் சொன்னாரு." நாற்பத்தேழு கட்டைவிரல்கள் ஒன்றாகக் கீழே திரும்புகிற சத்தம் சத்தியசீலன் காதில் விழுந்தது.

வீட்டு வாசலில் நவமணி மோட்டார்சைக்கிளை விட்டு இறங்கினாள். செம்பருத்தியில் மொட்டையாக நின்ற இரண்டு காம்புகளைத் தடவிக் கொடுத்தாள். பக்கத்தில் நந்தியாவட்டை, ஒரு பூவும் குறையாமல் வெள்ளை வெளேரென்று பூத்து நின்றது.

"ஏங்க, நாலு சிலிண்டர் காடி கட்டுற மனுசனுக்கு, மூளை மட்டும் ஒத்தைச் சிலிண்டர்ல ஓடினா எப்படிங்க?"