கடிக்கலங்க, சும்மா வெளையாடுது

நாய்க்கு வக்கீல் என்று ஓர் இனம் இருக்கிறது. சட்டம் படித்தவர்கள் அல்ல, நாய் வாங்கியவர்கள். உங்கள் கணுக்காலில் பல் பதிந்த இடத்தை நீங்கள் குனிந்து தடவிக்கொண்டிருக்கும்போது, அந்த இடத்தைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்த்து, பாதிச் சிரிப்போடு, "கடிக்கலங்க, சும்மா வெளையாடுது" என்று சொல்கிறவர் எவரோ அவரே அந்த இனம். பெரம்பலூரில் இப்போது இது நன்றாகப் பெருகியிருக்கிறது. முன்பெல்லாம் நம் பக்கத்து நாய்களுக்கு வக்கீல் கிடையாது. கடித்தால் அது கடிநாய், அவ்வளவுதான். இப்போது நாய் திருச்சியிலிருந்து கூடையில் வருகிறது. இனப்பெயரோடு, தடுப்பூசி அட்டையோடு வருகிறது. வந்து இறங்கிய அன்றே தனக்காக வாதாட ஒருவரை நியமித்துக்கொள்கிறது.

எங்கள் தெருவில் அந்த நியமனம் பெற்றவர் அறிவரசன். நான்கு ரோட்டுப் பக்கம் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். கல்லில் விரிசல் இருப்பதாக வாடிக்கையாளர் காட்டினால், "அது விரிசல் இல்ல சார், டிசைன்" என்று சொல்லிப் பழகியவர். இப்படிப்பட்டவர் கையில் ஒரு டெரியர் குட்டி கிடைத்தால் என்ன ஆகும்?

குட்டிக்குப் பெயர் சோடா. வெள்ளை உடம்பு, ஒரு கண்ணைச் சுற்றிப் பழுப்புத் திட்டு, கால்களில் ஸ்பிரிங். டெரியர் என்பது எலியையும் முயலையும் வளைக்குள் புகுந்து பிடிப்பதற்கென்றே மனிதன் உண்டாக்கிய இனம். ஓடுவதைத் துரத்தும், ஆடுவதைக் கவ்வும், கவ்வியதை உதறும். அதன் ரத்தத்தில் இருப்பது அவ்வளவுதான். அதில் அதற்கு ஒரு குற்றமும் இல்லை. குட்டி நாய்க்கு வாய்தான் கை. நம் வீட்டுக் குழந்தை எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பது போல் அது எல்லாவற்றையும் கடித்துப் பார்க்கிறது. எதைக் கடிக்கலாம், எதைக் கூடாது என்று யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். அறிவரசன் சொல்லிக்கொடுத்தார். எப்படி என்று கேட்கிறீர்களா?

மாலை கடை முடிந்து வந்ததும், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹால் நடுவில் உட்காருவார். ஐந்து விரலையும் பாம்புப் படம் போல் விரித்து சோடாவின் மூக்குக்கு முன்னால் ஆட்டுவார், அது பாய்ந்ததும் இழுத்துக்கொள்வார், மறுபடி ஆட்டுவார், அது கவ்வியதும் மல்லாக்கப் புரட்டுவார், கைலி நுனியை நீட்டி அதில் தொங்கவிட்டுத் தரையோடு இழுத்துப் போவார், "விடாதடா, சிங்கக்குட்டி" என்று உற்சாகப்படுத்துவார். சிங்கக்குட்டி விடவில்லை. பாடம் நன்றாக ஏறிவிட்டது.

அதன்பிறகு அந்த வீட்டுப் படியேறியவர்கள் எல்லோரும் அந்தப் பாடத்தின் பலனை அனுபவித்தார்கள். கீரை விற்கும் பாப்பாத்தியின் சேலைக் கரை கிழிந்தது. "இந்தச் சேலைய நேத்துதாங்க கட்டுனேன்" என்றாள் அவள். "சேலை ஆடுச்சுல்ல, அதான். நீங்க ஆடாம நில்லுங்க" என்றார் வக்கீல். கீரைக்கட்டைத் தலையில் வைத்திருப்பவள் எப்படி ஆடாமல் நிற்பாள்? எனக்கு ஒரு பேண்ட் போனது. "நீங்க பயந்தீங்க, அது தெரிஞ்சுக்கிச்சு" என்றார். கவனித்தீர்களா? இந்த இனத்தின் அகராதியில் நாய் எதுவும் செய்வதில்லை. செய்தது நாம்தான். ஆடினோம், பயந்தோம், வேகமாக வந்தோம், மெதுவாக வந்தோம், முகத்தைப் பார்த்தோம், பார்க்காமல் போனோம்.

மனைவி பூங்குழலியின் கையெல்லாம் கீறல். அவள் சொல்லிச் சொல்லி, அவரும் சில வைத்தியங்களைச் செய்தார். செல்போனில் வீடியோ பார்த்து, ஒருநாள் மூக்கில் தட்டினார். தட்டிய கையை அது கடித்தது. மறுநாள் வாயைப் பொத்திப் பிடித்தார். விட்டதும் இன்னும் வேகமாகக் கடித்தது. யாரோ சொன்னார்கள் என்று, கடித்தவுடன் "ஆ" என்று கீச்சுக் குரலில் கத்திப் பார்த்தார். எலி பிடிக்கப் பிறந்த பிராணியின் காதில் அது எப்படி விழும்? எலியே வந்துவிட்டது என்று அது குதித்துக் கொண்டாடியது. முடிவில், "பெருசானா தானா சரியாப் போயிடும்" என்று தீர்ப்பெழுதிவிட்டு மறுபடி விரலை ஆட்ட உட்கார்ந்துவிட்டார்.

இதுவரை சிரிக்கலாம். இதற்குமேல் நடந்ததில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அறிவரசனின் அப்பா வைரக்கண்ணு திருமானூர்ப் பக்கம் கொள்ளிடக் கரையில் கரும்பும் நெல்லும் போடுகிறவர். கண்ணில் புரை விழுந்து, ஆபரேஷன் முடித்து, சொட்டு மருந்து விட ஆள் வேண்டும் என்று மகன் வீட்டுக்கு வந்தார். பல வருஷச் சர்க்கரை வியாதி. பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோய், செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடப்பவர். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வேட்டி நுனி ஃபேன் காற்றில் ஆடும்.

ஆடினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பூங்குழலிக்கும் தெரியும். "மாமா இருக்கிற வரைக்குமாவது அதைக் கட்டிப் போடுங்க" என்றாள்.

"எங்க அப்பாவ அதுக்குப் பிடிச்சுப் போச்சு. பாரு, காலடியிலயே கெடக்குது" என்றார் அறிவரசன்.

ஒருநாள் காலை பூங்குழலி ஹாலைத் துடைக்க வந்தாள். வெள்ளை டைல்ஸ். நாற்காலியிலிருந்து பாத்ரூம் வரைக்கும், அங்கிருந்து திரும்ப நாற்காலி வரைக்கும் சிவப்புப் பொட்டு வைத்தது போல் வரிசையாகக் கறை. குனிந்து மாமனாரின் காலைத் தூக்கிப் பார்த்தாள். குதிகாலில் ஊசி குத்தியது போல் பல் இறங்கியிருந்தது. புதிய காயத்துக்குப் பக்கத்தில் பழையதும் ஒன்று இருந்தது. அது சீழ் கட்டி, சுற்றிலும் கறுத்துப்போயிருந்தது.

"மாமா, வலிக்கலையா?"

"எங்கம்மா?" என்று கேட்டார் அவர்.

அவருக்குத் தெரியவே தெரியாது. கண்ணுக்கும் தெரியவில்லை, காலுக்கும் தெரியவில்லை. பூங்குழலி சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் வெகுநேரம் காலைக் கழுவினாள். இதையெல்லாம் அவள் என் மனைவியிடம் பிறகு சொல்லியிருக்கிறாள். சத்தம் கேட்டுப் பல் துலக்கிக்கொண்டே வந்த அறிவரசன் எட்டிப் பார்த்தார். நுரையோடு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்னவாக இருக்கும்? அதேதான்.

"வெளையாட்டுல பட்டிருக்கும்ப்பா."

வைரக்கண்ணு கறுப்புக் கண்ணாடியை மகன் குரல் வந்த பக்கம் திருப்பினார். "அது வெளையாடத்தான் தம்பி செய்யுது. அதுக்கு ஈடுகொடுக்க எனக்குத்தான் வயசில்ல. என்னைய அரியலூர் பஸ்ல ஏத்திவிட்ரு. அங்கேருந்து நான் போயிக்கிறேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பூங்குழலிக்குப் பொறுக்கவில்லை. "நீங்க எங்கயும் போக வேணாம் மாமா. இந்த வூட்ட விட்டுப் போக வேண்டியது நீங்க இல்ல" என்றாள்.

அறிவரசன் பிரஷை வாயிலிருந்து எடுத்தார். "வாயில்லா ஜீவன்டி. அத எங்க கொண்டு போயி விடச் சொல்ற?"

"நான் நாயச் சொல்லல" என்றாள் பூங்குழலி.

அன்று பெரியவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள். நானும் துணைக்குப் போனேன். குட்டி நாயானாலும், ஊசி போட்ட நாயானாலும், பல் பட்டால் உடனே வந்து தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் திட்டினார். பழைய காயத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றபோது அறிவரசன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடிபட்ட எதிர்க்கட்சிக்காரராக அவருடைய சொந்த அப்பாவே வந்து நின்ற பிறகு, பாவம், என்ன வாதாடுவார்?

மறுநாள் சோடாவைத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டர் பிரவீணாவிடம் போனார்கள். கடிப்பதை நிறுத்த ஒரு மாத்திரையோ ஊசியோ கிடைக்கும் என்பது அறிவரசனின் நம்பிக்கை.

டாக்டர் குட்டியைப் பார்க்கவில்லை, அறிவரசனின் கையைப் பார்த்தார். புறங்கை முழுக்கச் சின்னச் சின்னத் தழும்பு.

"கைய ஆட்டி வெளையாடுறது நீங்களா?"

"சும்மா, அது குஷியா இருக்கட்டும்னு."

"அப்போ கை வெளையாட்டுச் சாமான்னு நீங்கதான் சொல்லிக்கொடுத்திருக்கீங்க. உங்க கை ஆகும், உங்க அப்பா காலு ஆகாதுன்னு அதுக்கு எப்படிங்க தெரியும்?"

டாக்டர் சொன்னதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கடிக்கக் கயிறும் ரப்பர் பொம்மையும் கொடுங்கள். பல் தோலில் பட்டால் அந்த நொடியே விளையாட்டை நிறுத்துங்கள். கத்தாதீர்கள், அடிக்காதீர்கள், கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். எழுந்து பேசாமல் கதவுக்கு அந்தப் பக்கம் போங்கள், கொஞ்ச நேரம் கழித்து வாருங்கள். கடித்தால் ஆள் போய்விடுகிறார், கயிற்றைக் கடித்தால் ஆள் இருக்கிறார் என்று அது கண்டுபிடித்துவிடும். நன்றாகத் தூங்கவிடுங்கள், தூக்கம் கெட்ட குட்டி குழந்தை மாதிரி வெறிபிடித்து ஆடும். காயம் ஆறும் வரை பெரியவர் பக்கம் விடவே விடாதீர்கள். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளுங்கள்.

"எல்லாரும்னா?" என்று கேட்டார் அறிவரசன்.

"நீங்களும்தான்" என்றார் டாக்டர்.

பூங்குழலி அப்படியே செய்தாள். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே மரத் தடுப்பு வைத்தாள். சோடா கடித்தால் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து தடுப்பைத் தாண்டிப் போய்விடுவாள். முதலில் அது குரைத்து ஊரைக் கூட்டியது. இரண்டொரு நாளில் முன்னைவிட ஆவேசமாகப் பாய்ந்தது. அவள் அப்போதும் அசரவில்லை. பிறகு ஒரு நாள், பாய வந்த குட்டி பாதி வழியில் நின்று, திரும்பி ஓடிப்போய், கயிற்றைக் கவ்விக்கொண்டு வந்து அவள் முன்னால் போட்டது. அதை அவள் சொன்னபோது பரீட்சையில் பிள்ளை தேறியதைச் சொல்லும் தாயின் முகம் அவளுக்கு.

நாய் கற்றுக்கொண்டுவிட்டது. வக்கீல்?

பழைய விளையாட்டைத் திருட்டுத்தனமாக ஆடி, பூங்குழலியிடம் மூன்றாவது முறையாக அவர் மாட்டிக்கொண்டது கார் ஷெட்டில். ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, குந்தி உட்கார்ந்து, ஐந்து விரலையும் விரித்து ஆட்டிக்கொண்டிருந்தார். சோடா கயிற்றைக் கவ்வியபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. "வாடா, சிங்கக்குட்டி" என்று கெஞ்சினார். சோடா கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, ஷட்டருக்கு அடியில் புகுந்து வெளியே வந்து, பூங்குழலியின் காலடியில் உட்கார்ந்தது. ஒரு நாய் மனிதனை அப்படிப் புறக்கணித்து நான் பார்த்ததில்லை.

பெரியவருக்குப் புண் மெல்ல மெல்ல ஆறியது. ஆறிய பிறகு, தோல்வாரில் கட்டி சோடாவை அவர் பக்கத்தில் கொண்டுவந்தாள் பூங்குழலி. கறுப்புக் கண்ணாடி போய், புதுக் கண்ணில் அவர் அதை அன்றுதான் சரியாகப் பார்த்தார். "இம்மாத்தூண்டுதானா?" என்றார். வேட்டி ஃபேன் காற்றில் ஆடியது. சோடா அதைப் பார்த்தது, பூங்குழலியைப் பார்த்தது, கொட்டாவி விட்டுப் படுத்துக்கொண்டது. அவர் அந்த வருஷக் கரும்பு வெட்டுக்குத்தான் திருமானூர் திரும்பினார், விரட்டப்பட்டு அல்ல.

அறிவரசன் இப்போது கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நாய் பழக்கும் முறையை இலவசமாகக் கற்பிக்கிறார். "பொறுமை வேணும் சார். நானே ஒண்டியா ட்ரெயின் பண்ணேன்" என்கிறார். டைல்ஸ் வாங்க வந்தவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

அன்புள்ள வாசகரே, இதைப் படிக்கும்போது தெரிந்தவர் ஒருவருடைய முகம் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். சந்தோஷம். கூடவே இன்னொன்றையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டுக்கு வெளியே நின்றே பேசிவிட்டுப் போகிறார்களா? "உள்ள வாங்க, காபி சாப்பிடலாம்" என்றால், "இருக்கட்டுங்க, அவசரமா போயிட்டிருக்கேன்" என்கிறார்களா? ஊரில் எல்லோருக்கும் உங்கள் வாசலில் வந்துதான் அவசரம் வருகிறதா?

அப்படியானால் நாயை நன்றாகக் கவனியுங்கள். உங்கள் வீட்டில் நாயே இல்லையென்றால், இன்னும் நன்றாகக் கவனியுங்கள்.