பல்கேரியாவில் மறியலார்

சாலை என்பது போவதற்காகப் போடப்பட்டது என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் மறியலாரைப் பார்த்ததில்லை. அவரைப் பொறுத்தவரை சாலை உட்காருவதற்காகப் போடப்பட்டது. அதில் பஸ்ஸும் லாரியும் போவது, யாரும் உட்காராத நேரத்தில் அரசாங்கம் செய்துகொள்ளும் சில்லறை உபயோகம்.

மேடையில் நாலு வாக்கியம் தொடர்ந்து பேசியவர்களெல்லாம் செம்மல், சிங்கம், சுடர் என்று பட்டம் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. மறியலாருக்கு அந்தப் பெயரைப் பட்டமாகக் கொடுத்தது கட்சியல்ல. திருவாரூர் - நாகப்பட்டினம் தடத்தில் ஓடிய பஸ் கண்டக்டர்கள். அறுப்புக் கூலி குறைந்தால் உட்காருவார். குத்தகைக்காரனை நிலத்தைவிட்டு இறக்கினால் உட்காருவார். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் ஊரையே கூட்டிக்கொண்டு வந்து உட்காருவார். விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். நின்றபடி ஐயாமாரிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் உட்கார ஆரம்பித்ததாகச் சொல்வார்.

சொந்தக் கல்யாணத்திலேயே உட்கார்ந்தவர். தாலியைக் கையில் கொடுத்ததும், “பொண்ணுகிட்ட யாராச்சும் சம்மதம் கேட்டீங்களா?” என்றாராம். யாரும் கேட்கவில்லை. பெண் தன் வாயால் சொல்லும்வரை கட்டமாட்டேன் என்று பந்தல் வாசலில் துண்டை விரித்துவிட்டார். பெண்ணுக்கோ வெட்கம். அவள் வாயைத் திறப்பதற்குள் முகூர்த்தம் போயே போய்விட்டது. “என் கல்யாணம் சுத்த ராகு காலத்துல நடந்துச்சு, அதான் நல்லா இருக்கேன்” என்று அந்த அம்மாள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்பேர்ப்பட்டவரோடு நான் ஐரோப்பா போனேன்.

எண்பதுகளின் தொடக்கம். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சோஷலிச நாடுகளோடு நமக்குச் சிநேகம் வளர்ப்பதற்கென்று ஊரில் ஒரு சங்கம் இருந்தது. பல்கேரியா, யுகோஸ்லாவியா, ருமேனியா மூன்றையும் பஸ்ஸிலேயே சுற்றிக் காட்டுவதாக அந்த நாட்டுக்காரர்கள் அழைத்திருந்தார்கள். டாக்டர், ரைஸ்மில்காரர், தலைமையாசிரியை, கும்பகோணத்து வக்கீல் ஒருவர், அவர் மனைவி என்று பெரிய மனிதர்களாகப் பொறுக்கி எடுத்த பிறகு, விவசாயத் தொழிலாளி ஒருவராவது வந்தால்தான் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று யாருக்கோ தோன்றி மறியலாரைச் சேர்த்தார்கள். அவருக்கு மொழிபெயர்க்க நான். அதை ஒரு கௌரவம் என்று சொல்லித்தான் செயலாளர் என் தலையில் கட்டினார்.

சோபியா விமான நிலையத்தில் என் அவமானம் ஆரம்பமாயிற்று. மறியலார் வேட்டி கட்டியிருந்தார். அதற்கு மேல் யாரோ இரவல் கொடுத்த பட்டாளத்து ஓவர்கோட்டு. தலையில் குரங்குக் குல்லா. தோளில் துண்டு. பெல்கிரேடில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊர்வலமாக அவர் பின்னால் வந்தார்கள். அவர் கைகூப்பி வணக்கம் சொல்ல, அவர்களும் கைகூப்பினார்கள். நான் வேறு குழுவைச் சேர்ந்தவன் மாதிரி தள்ளித் தள்ளி நடந்தேன்.

எங்கள் வழிகாட்டி ராத்கா என்ற பல்கேரியப் பெண். ஒல்லி. கோட்டை, மடாலயம், அரண்மனை எதுவானாலும் மனப்பாடமாக ஆங்கிலத்தில் ஒப்பிப்பாள். அவள் முடித்ததும் மறியலார் கையைத் தூக்குவார். எங்கே போனாலும் ஒரே கேள்வி: இதுக்குக் கல்லு சுமந்தவங்களுக்கு என்ன கூலி கொடுத்தாங்க? நான் அதை, “கோட்டை மிக அழகாக இருக்கிறது என்கிறார்” என்று மொழிபெயர்ப்பேன். ராத்கா நன்றி சொல்வாள். கொஞ்ச நாளில் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“தம்பி, நான் கேக்குறது இவ்வளவு நீளம் இருக்கு. நீங்க சொல்றது இத்துனூண்டு இருக்கே.”

ஆங்கிலம் சுருக்கமான மொழி என்றேன்.

டான்யூப் நதியைப் பார்த்ததும் அவர் கேட்டதை மட்டும் நான் அப்படியே மொழிபெயர்த்தேன், ஏனென்றால் எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. இந்த ஆறு எத்தனையோ நாடு தாண்டிப் போகுதே, இதுல கடைமடை யாரு? ருமேனியா என்றாள் ராத்கா. மறியலார் தலையை ஆட்டி ருமேனியாவுக்காக அனுதாபப்பட்டார். எல்லை தாண்டியதும், வரவேற்க வந்த ருமேனிய அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டு, “தண்ணி ஒழுங்கா வருதுங்களா?” என்று விசாரித்தார். அந்த மனிதர் விடுதிக் குழாயைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, வெந்நீரும் வரும் என்று பெருமையாகச் சொன்னார்.

ஒரு கூட்டுப் பண்ணையில் தக்காளி பறித்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தவுடன் ஓவர்கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அவர் ஒரு நடவுப் பாட்டு எடுத்துவிட, அவர்கள் பதிலுக்கு ஒன்று பாட, பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. வக்கீல் என் காதருகே வந்து, “நாட்டோட மானத்தையே வாங்குறாரு. நீங்க சொல்லக்கூடாதா சார்?” என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கோட்டால் முகத்தை மறைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன்.

வக்கீலைப் பற்றியும் சொல்லவேண்டும். நல்ல பேச்சாளர். சமத்துவம் பற்றி அவர் பேசினால் மைக்கே கண்ணீர் விடும். சுதந்திர தினத்தன்று கோயிலில் நடக்கும் சமபந்தி விருந்தில் வருஷம் தவறாமல் முதல் வரிசையில் அமைச்சருக்குப் பக்கத்தில் உட்கார்வார். மறுநாள் பேப்பரில் அவர் இலை உட்பட எல்லாம் தெரியும்.

ருமேனியாவிலிருந்து மறுபடி பல்கேரியாவுக்குள் வந்தபோதுதான் மறியலார் ஒன்றைக் கவனித்தார். எங்கள் பஸ் டிரைவர் ஸ்தோயன், பெரிய மீசைக்காரர், எங்களோடு சாப்பிடுவதே இல்லை. நாங்கள் உணவகத்துக்குள் மேசை விரிப்பு போட்டு உட்கார்ந்திருக்கும்போது, அவர் பஸ்ஸிலேயே ஜன்னலையெல்லாம் திறந்துவைத்துக் குளிரில் தனியாகச் சாப்பிடுவார்.

ஏன் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். ராத்கா கொஞ்சம் தயங்கி, அது ஓர் ஏற்பாடு என்றாள். ஏற்பாடாம் என்று சொன்னேன்.

“எங்க ஊர்லயும் அதுக்குப் பேரு ஏற்பாடுதான் தம்பி” என்றார் மறியலார். அப்புறம் அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் மதியம் புளோவ்தீவ் நகரத்துக்கு வெளியே ஒரு விடுதி. சாப்பாடு முடிந்து எல்லோரும் பஸ்ஸில் ஏறியாயிற்று. மறியலாரைக் காணோம். ஸ்தோயன் எஞ்சினை நிறுத்திவிட்டு முன்னால் கையைக் காட்டினார். நடுச் சாலையில் துண்டை விரித்து, ஊரைப் பார்த்தபடி, கோட்டும் குல்லாவுமாக மறியலார் உட்கார்ந்திருந்தார். “டிரைவருக்குச் சமபந்தி போடு” என்று தமிழில் முழங்கிக்கொண்டிருந்தார். ஊர் ஜனம் கூடிவிட்டது. பின்னால் ஒரு டிராக்டர் வந்து நின்றது. அதற்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர்.

ராத்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் நாட்டில் சாலையில் உட்காருவது லேசான விஷயமல்ல. அவள் அழைத்து வந்த விருந்தாளி உட்கார்ந்தால் அவள் வேலை போகும். ஓடிப்போய் போலீஸ்காரரிடம் ஏதோ சொன்னாள். அவர் உடனே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பயபக்தியோடு நின்றார். இந்தியச் சாமியார் வழிபாடு செய்கிறார் என்று சொன்னாளாம். ஆயுள் முழுக்கக் கோயில் வாசலை மிதிக்காத மறியலாருக்கு அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

“அவரை எழுப்புங்கள்” என்று ராத்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். போய்ச் சொன்னேன்.

“அந்த மனுசன் நம்மளோட உக்காந்து சாப்பிடணும். அப்புறம்தான் எந்திரிப்பேன். அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க, ஒருத்தன ஒதுக்கி வச்சுட்டு என்னய்யா சோஷலிசம்?”

அதை அப்படியே சொன்னேன். ராத்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒதுக்கி வைத்தது நாங்கள் இல்லை, நீங்கள்தான் என்றாள். முதல் நாளே உங்கள் வக்கீல் என்னிடம் வந்தார்; எங்கள் குழுவில் சைவர்கள் இருக்கிறார்கள், மாமிசம் சாப்பிடுகிறவர் பக்கத்தில் இருந்தால் பெண்களுக்குச் சாப்பாடு இறங்காது, டிரைவரை வேறிடத்தில் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார். நானும் ஸ்தோயனிடம் சொல்லிவிட்டேன். அதனால்தான் ஸ்தோயன் வாடைகூட உங்கள் மேல் படக்கூடாது என்று ஜன்னலைத் திறந்துவைத்துச் சாப்பிடுகிறார் என்றாள்.

பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்டது. அதை நான் தமிழில் சொன்னேன், ஒரு சொல் குறைக்காமல். எங்களில் பாதிப் பேர் சைவம். மீதிப் பேர், அந்தப் பாதி பார்க்காதபோது அசைவம். ஒருவரும் தலைநிமிரவில்லை. நானும்தான்.

மறியலார் முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்தார். அப்பாடா என்று நினைத்தேன். அவர் துண்டை உதறித் திருப்பிப் போட்டு, மறுபடி உட்கார்ந்தார். இந்தமுறை ஊருக்கு முதுகு. முகம் எங்கள் பஸ்ஸுக்கு நேரே. முழக்கம் எதுவும் போடவில்லை. போட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அந்தச் சமயத்தில் வக்கீலம்மா எழுந்தார். பயணம் முழுக்க அவர் குரலை நான் கேட்டதில்லை. “எனக்குச் சாப்பாடு இறங்காதுன்னு உங்ககிட்ட நான் சொன்னேனா?” என்று கணவரைக் கேட்டார். பையிலிருந்து புளியோதரைப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் எடுத்துக்கொண்டு இறங்கினார். விடுதிக்காரியிடம் சைகை காட்டிச் சோறு வாங்கினார். வெளியில் இருந்த மரமேசையில் பரப்பி ஸ்தோயனைக் கூப்பிட்டார்.

ஸ்தோயன் வரமாட்டேன் என்றார். ராத்கா விசாரித்தபோது உண்மை தெரிந்தது: சாப்பாட்டு நேரத்தில் ரேடியோவில் கால்பந்து கேட்பாராம், எங்கள் பேச்சுச் சத்தத்தில் எதுவும் கேட்காதாம். கடைசியில் ரேடியோவையும், கொத்திறைச்சியைக் குழல் மாதிரி உருட்டிச் சுட்ட தன் சாப்பாட்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். மறியலார் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊறுகாய் சாப்பிட்ட ஸ்தோயனின் மீசை நடுங்கி, காது சிவந்து, கண்ணில் நீர் கொட்டியது. வழிபாடு முடிந்துவிட்டது என்று போலீஸ்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். அவருக்கும் ஒரு தட்டு வைத்தார் வக்கீலம்மா. கடைசியாக வக்கீல் இறங்கி வந்து, மேசையின் ஓரத்தில், யாரும் போட்டோ எடுக்காத ஓர் இடத்தில் உட்கார்ந்தார்.

பஸ் சோபியாவை நோக்கிக் கிளம்பியது. ஜெயித்த களை மறியலார் முகத்தில் இல்லை. “அந்தப் புள்ளைய எல்லார் முன்னாடியும் அழவச்சுட்டேன் தம்பி. ஊர விட்டு இவ்வளவு தூரம் வந்துட்டோம், கூடவே இதையும் கட்டித் தூக்கிட்டு வந்திருப்போம்னு எனக்குத் தோணல” என்றார். பிறகு ராத்காவின் இருக்கைக்குப் போய்க் கைகூப்பி நின்றார். மொழிபெயர்க்க எனக்கு வேலை இருக்கவில்லை.

அடுத்து வந்த சம்பா அறுப்பில் கூலித் தகராறு. மறியலார் நாகை சாலையில் உட்கார்ந்தார், பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஜாமீன் கேட்டு நீதிமன்றத்தில் எழுந்து நின்றவர் நம் கும்பகோணத்து வக்கீல். யாரும் அழைக்கவில்லை. வீட்டில் யார் அனுப்பியிருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

மறியலாரை விட்ட அன்று திருச்சி மத்திய சிறை வாசலில் அவர் ஊர்க்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். வெயில் கொளுத்தியது. வெளியே வந்தவர் கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டார்.

“தம்பி, நீங்க எங்க இங்க?”

“சும்மா, இந்தப் பக்கம் வந்தேன்” என்றேன்.

கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு, விடியற்காலை பஸ் பிடித்து, ஜெயில் பக்கம் யாரும் சும்மா வருவதில்லை என்பது அவருக்குத் தெரியும். என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நடந்தார்.