திருஷ்டிப் பூசணியில் மூடாக்கு

எனக்குத் திருஷ்டியில் நம்பிக்கை கிடையாது. இதை இப்போதெல்லாம் மெதுவாகத்தான் சொல்கிறேன். ஒரு காலத்தில் சத்தமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்படிச் சொன்னதன் பலனை வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை அனுபவித்து வருகிறேன்.

என் மனைவி கவிதா ஐடி வேலையை விட்டுவிட்டு, ஆனேக்கல் பக்கம் அரை ஏக்கரில் இயற்கை முறையில் காய்கறி போட்டிருந்தாள். நிலம் கௌரம்மாவுடையது. கன்னடக்காரர், நம் ஆட்களோடு பழகிப் பழகித் தமிழும் பேசுவார். "மொதல்ல ஒரு போகம் பண்ணு. விஜயதசமி அன்னிக்கு வந்து பாக்கறேன். நல்லாயிருந்தா மூணு வருஷத்துக்கு எழுதிக் கொடுக்கறேன்" என்று சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் பீன்ஸைப் பறித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். கவிதா ஒரு வருடமாக அலைந்து பிடித்த இடம் அது.

போர்வெல்லில் தண்ணீர் கம்மி. அதனால் கவிதா பாத்திகளுக்கு நடுவே ஆழமாக வாய்க்கால் வெட்டி, அதில் இலை தழைகளை நிரப்பியிருந்தாள். ஒருமுறை தண்ணீர் விட்டால் அவை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெயிலில் அந்த ஈரம் போகாமலிருக்க, பாத்தியின் மேல் வைக்கோலோ சருகோ பரப்பி மூட வேண்டும். அதற்குப் பெயர் மூடாக்கு. கௌரம்மாவுக்கு இதில் துளியும் நம்பிக்கையில்லை. "குப்பையைப் போட்டு மூடினா வெள்ளாமையா?" என்பார்.

விஜயதசமிக்கு முந்தின நாள் மூடாக்கு போதவில்லை. கவிதா என்னிடம், "எங்கயாவது வைக்கோல் கிடைச்சா காலையில கொண்டுவாங்க. வேற எதுவும் செஞ்சிடாதீங்க" என்றாள். (இரண்டாவது வாக்கியம் என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.)

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் பெங்களூரைப் பார்த்திருக்கிறீர்களா? கடை வாசல், கம்பெனி வாசல், பஸ், ஆட்டோ என்று எங்கும் கட்டியிருந்த வாழைக்கன்றுகள் அவிழ்ந்து தெருவில் கிடக்கும். முச்சந்திக்கு முச்சந்தி குங்குமம் அப்பிய வெள்ளைப் பூசணிக்காய் சிதறிக் கிடக்கும். வைக்கோல் ஏற்ற வாடகைக்குப் பிடித்த ஸ்ரீராம்புரத்து செல்வத்தின் குட்டியானை வண்டியில் உட்கார்ந்து அதைப் பார்த்ததும் எனக்குள் ஞானம் பிறந்தது. வைக்கோல் எதற்கு? ஊரே எனக்கு மூடாக்கு வெட்டிப் போட்டிருக்கிறது!

வாழைக்கன்று ஏற்றும்வரை செல்வம் ஒன்றும் சொல்லவில்லை. நான் முதல் பூசணியைத் தூக்கியதும் அலறினான்.

"சார், சார்! அது சுத்திப் போட்ட காய் சார்!"

"இது வெறும் காய் செல்வம். தண்ணியும் நாரும். வாய்க்கால்ல போட்டா நல்லா மக்கும்."

"தண்ணிதான் சார். யார் யார் கண்ணு பட்ட தண்ணியோ! நான் தொட மாட்டேன். நீங்களே ஏத்துங்க, நீங்களே எறக்குங்க."

நானே ஏற்றினேன். அதிலும் தேர்வு வேறு. பெரிய நகைக்கடை, கார் ஷோரூம், கண்ணாடிக் கட்டடம் என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். அங்கேதான் காய் பெரிதாக இருந்தது. நூற்று இருபது வரை எண்ணினேன், அப்புறம் எண்ணவில்லை. செல்வம் தோட்டத்து வாசலில் வண்டியை நிறுத்தி, நான் இறக்கி முடித்ததும் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

கவிதா, கௌரம்மாவை அழைத்துவர அவர் வீட்டுக்குப் போயிருந்தாள். நான் வாழைமட்டையை உரித்துப் பாத்திகளின் மேல் பரப்பினேன். அழகாகத்தான் இருந்தது. பூசணித் துண்டுகளை வரிசையாக வாய்க்காலில் போட்டேன். மோட்டாரைப் போட்டுவிட்டு, மோட்டார் ரூமுக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்தேன். அசதியில் கண் அயர்ந்துவிட்டேன். (உழைத்தவன் அயர மாட்டானா?)

"ஐயோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு ஓர் அலறல். அடித்துப் பிடித்து எழுந்து ஓடினேன்.

வாய்க்கால் அத்தனையிலும் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. நூற்று இருபது காய்களின் குங்குமம்! நடுநடுவே, காய்களோடு சேர்ந்து வந்த பாதி எலுமிச்சம்பழங்கள் மிதந்து போயின. காய்கள் அடைத்துக்கொண்டதால் தண்ணீர் வாய்க்காலை மீறி, வாசல் பக்கம் சிவப்பாகப் பாய்ந்திருந்தது. அந்தச் சிவப்புத் தண்ணீரில் பட்டுப்புடவையோடு, பாதம் நனைய, கௌரம்மா நின்றிருந்தார். பின்னால் அவர் மருமகள். அவள் கையில், அன்றுதான் முதன்முதலாக நிலத்துக்குக் கொண்டுவரப்பட்ட நாற்பது நாள் பேரக்குழந்தை. யார் கண்ணும் பட்டுவிடக் கூடாதென்று அதன் கன்னத்தில் இட்டிருந்த மைப்பொட்டு, அரையணா அளவு இருந்தது.

கவிதா வாய்க்காலைக் காட்டி, "என்னங்க இது?" என்றாள்.

"மூடாக்கு" என்றேன்.

கௌரம்மா ஒரு துண்டை உற்றுப் பார்த்தார். "இது ஒடைச்ச காயா? எங்கிருந்து எடுத்தே?"

அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம். விதி யாரை விட்டது? "பெங்களூர் பூரா சுத்தி எடுத்தது கௌரம்மா. நூத்திருபது இருக்கும். எல்லாம் பெரிய பெரிய கம்பெனி வாசல்ல ஒடைச்ச காய். தரமான காய்" என்றேன்.

மருமகள் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு ஓடினாள். செருப்புகூட அங்கேயே கிடந்தது. கௌரம்மா மோட்டாரை நிறுத்தி, ரூமைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். "ஊரு திருஷ்டியெல்லாம் என் மண்ணுல கொட்டிட்டியே! இனி ஒரு சொட்டு நீரு கெடையாது. பத்து நாளு கழிச்சு வருவேன். செடி பூரா கருகியிருக்கும். எடுத்துட்டுப் போய்க்கோங்க" என்று நடந்தார்.

கவிதா வாய்க்காலில் இறங்கி ஒவ்வொரு துண்டாக எடுத்து வெளியே வைத்தாள். நானும் இறங்கினேன். கடைசித் துண்டை வெளியே வைத்துவிட்டு, "ஒரு வருஷம்ங்க" என்று மட்டும் சொன்னாள். அந்த நிமிஷம் எனக்கு வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. கை இரண்டும் குங்குமமாக இருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் வழியில்லை.

பத்து நாளும் மழை எட்டிப் பார்க்கவில்லை. பத்தாம் நாள் கௌரம்மா வந்தார், கையில் அந்தச் சாவி. கருகிய செடிகளைப் பார்க்க வந்தவர் முன்னால் பீன்ஸ் பச்சைப் பசேலென்று நின்றது. அவருக்கு அதிர்ச்சி. எங்களுக்கும்தான். குனிந்து ஒரு வாழைமட்டையைத் தூக்கினார். கையை மண்ணுக்குள் விட்டார். விரலில் ஈரமண் ஒட்டி வந்தது. இரண்டு மண்புழுவும் வந்தன. இன்னொரு பாத்தியில் தூக்கிப் பார்த்தார். அங்கேயும் அப்படியே. பத்து நாளைக்கு முன் விட்ட தண்ணீர், வாய்க்காலின் சருகிலும் மட்டைக்கு அடியிலும் பத்திரமாக இருந்தது.

கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "மண்ணு மேல தப்பில்ல. உன் மேலயும் தப்பில்ல கவிதா. எல்லாம் இவரு மேலதான். மூணு வருஷத்துக்கு எழுதிக் கொடுக்கறேன். ஆனா இவரு கேட்டுக்கு இந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது."

என் மனைவி ஒரு விநாடிகூட யோசிக்காமல், "சரிங்கம்மா" என்றாள்.

மூன்று வருடம் முடிந்து, போன மாதம் மறுபடி எழுதினார்கள். அந்த நிபந்தனை மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டம் பார்க்க வருகிறவர்கள், உள்ளே கவிதா பேசிக்கொண்டிருக்க, வெளியே கேட்டைப் பிடித்துக்கொண்டு பெரிய மீசையோடு ஒருவன் நிற்பதைப் பார்த்து யாரென்று விசாரிப்பார்கள். "எல்லாரும் வாசல்ல திருஷ்டி பொம்மை கட்டுவாங்க. நாங்க எங்க வீட்டுக்காரரை நிறுத்தியிருக்கோம்" என்பாள் கவிதா. என் மாமனார் வீட்டில் இது இன்றுவரை அலுக்காத நகைச்சுவை.

போன ஞாயிறு, அந்த நாற்பது நாள் குழந்தை, இப்போது மூன்று வயது, கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தான். தன் கன்னத்து மைப்பொட்டை விரலால் தேய்த்து எடுத்து, கம்பி வழியாகக் கையை நீட்டி, என் கன்னத்தில் அழுத்தி வைத்தான். உள்ளேயிருந்து கௌரம்மா சத்தம் போட்டார்: "அவருக்கு எதுக்குடா பொட்டு? மீசையே போதும்!"